கிரனாடாவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? தொழுகை, ஹலால் சாப்பாடு, அல்ஹம்ப்ரா டிக்கெட்: முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

தமிழ்நாட்டில் மேற்கே பார்த்துத் தொழுது பழகிய குடும்பம் ஸ்பெயின் போய் இறங்கியதும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது திசையை. கிரனாடாவிலிருந்து மக்கா கிழக்கே, சற்றே தெற்காகச் சாய்ந்து இருக்கிறது. ஓட்டல் அறையில் முஸல்லாவை விரித்துவிட்டு, “அத்தா, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று பிள்ளைகள் கேட்டால் சிரிக்க வேண்டாம். கேள்வி சரிதான்.

திசை மட்டுமல்ல, நேரமும் சாப்பாடும் அங்கே வேறு. கிரனாடா சுமார் 250 ஆண்டுகள் நஸ்ரி சுல்தான்களின் தலைநகராக இருந்த ஊர். அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவரெங்கும் அரபு எழுத்துகள். ஆனால் 1492-க்குப் பிறகு அது கத்தோலிக்க நகரம். இன்றைய ஊர் முஸ்லிம் பயணிகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டதல்ல. “முஸ்லிம்கள் ஆண்ட ஊராச்சே, எல்லாம் தானா கிடைக்கும்” என்ற நினைப்பில் போகிறவர்கள்தான் அங்கே அதிகம் திணறுகிறார்கள். கொஞ்சம் திட்டமிட்டுப் போனால் அந்த ஊர் சுலபம்.

எப்போது போகலாம்?

பள்ளி விடுமுறையை வைத்துப் பார்த்தால் நமக்கு இரண்டு வாய்ப்புகள்: மே மாதம் அல்லது டிசம்பர் கடைசி.

மே மாதம் கிரனாடாவுக்கு நல்ல பருவம். ரோஜாக்கள் பூத்திருக்கும், வெயில் பொறுக்கக்கூடியது. ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மேட்டில் ஏறி இறங்கும் ஊர் என்பதால், வயதானவர்கள் உடன் வந்தால் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பரில் குளிர் கடுமை. பக்கத்திலேயே சியரா நெவாடா பனிமலை இருக்கிறது. கூட்டம் குறைவு, ஆனால் பகல் சின்னது.

ஜனவரி 2-ஆம் தேதியைக் கொஞ்சம் யோசித்து முடிவு செய்யுங்கள். 1492-இல் கடைசி சுல்தான் பன்னிரண்டாம் முஹம்மது நகரை ஒப்படைத்த நாள் அது. அதை நகராட்சி ஆண்டுதோறும் விழாவாக எடுக்கிறது. அதை எதிர்ப்பவர்களும் அன்று தெருவில் இறங்குவார்கள். பிள்ளைகளோடு நகர மையத்தில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

விசாவா, டிக்கெட்டா: எது முதலில்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். தலையை மறைத்து எடுத்த புகைப்படத்தை மதக் காரணத்துக்காக ஏற்றுக்கொள்வார்கள். நெற்றியிலிருந்து தாடை வரை முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

அடுத்தது அல்ஹம்ப்ரா டிக்கெட். முழுப் பயணத் திட்டமும் தொங்குவது இதில்தான். அரண்மனை வளாகத்தின் இதயம் நஸ்ரி அரண்மனைகள். அதற்குள் நுழைய டிக்கெட்டில் ஒரு நேரம் போட்டிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் வளாகத்தின் மற்ற பகுதிகளைப் பார்க்கலாம், நஸ்ரி அரண்மனைகளுக்குள் விடமாட்டார்கள். சீசனில் டிக்கெட் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: அல்ஹம்ப்ராவில் எந்த நாளுக்கு டிக்கெட் இருக்கிறது என்று அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள், அந்த நாளைச் சுற்றி கிரனாடா நாட்களை வையுங்கள், பிறகு விசா, கடைசியில் விமானம். இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் கூடுதல் விலைக்கு விற்கும் இடைத்தரகர் தளங்கள். முகவரியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். நுழைவில் அசல் பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பார்கள். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல்தான் சிக்கல். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து வேறு மாதிரி இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். 12 வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர்கள் பேரிலும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

நஸ்ரி அரண்மனை டிக்கெட் கிடைக்கவே இல்லையா? தோட்டங்களையும் அல்கசாபா கோட்டையையும் மட்டும் பார்க்கும் டிக்கெட் தனியாக உண்டு. நீதி வாயிலுக்கும் ஐந்தாம் சார்லஸ் அரண்மனை முற்றத்துக்கும் டிக்கெட் இல்லாமலே போகலாம்.

தொழுகை நேரம் ஏன் இவ்வளவு தள்ளிப்போகிறது?

பல குடும்பங்கள் குழம்பிப்போகும் இடம் இது. ஸ்பெயின் பூகோளப்படி லண்டனின் தீர்க்கரேகைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் 1940-இலிருந்து அது ஜெர்மனியின் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் மேலும் ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12-ஐ எப்போதோ தாண்டியிருக்கும்.

மே மாத நடுவில் கிரனாடாவில் லுஹர் நுழைவது பிற்பகல் சுமார் 2.10-க்கு. அஸர் ஷாஃபி கணக்கில் மாலை 6 மணி, ஹனஃபி கணக்கில் 7.10. மஃரிப் இரவு 9.15. இஷா கிட்டத்தட்ட 11 மணி. ஃபஜ்ர் காலை 5.20-ஐ ஒட்டி. டிசம்பர் கடைசியில் லுஹர் சுமார் 1.15, ஷாஃபி அஸர் 3.45, மஃரிப் மாலை 6 மணி. சரியான நிமிடத்துக்கு உள்ளூர் பள்ளிவாசலின் அட்டவணையைப் பாருங்கள்.

சென்னைக் கடிகாரப் பழக்கத்தில் காலை 7 மணிக்குக் கிளம்பி, ஒரு மணிக்குச் சாப்பிட்டு, 8 மணிக்கு இரவு உணவு தேடினால் எதுவும் பொருந்தாது. அந்த ஊர்க்காரர்களின் நாளைப் பாருங்கள். 2 மணிக்கு மேல்தான் மதியச் சாப்பாடு. 2 முதல் 5 வரை பல சிறு கடைகள் மூடிக்கிடக்கும். மாலையில் மறுபடி ஊர் விழிக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு உணவகங்கள் சமையலறையைத் திறப்பதே 8 மணி வாக்கில்.

இந்த ஒழுங்குக்கு மாறிக்கொண்டால் தொழுகை தானாகவே அதற்குள் அமைந்துவிடும். காலை முழுக்கச் சுற்றிப் பார்க்கலாம், அதுவரை எந்தத் தொழுகையும் குறுக்கிடாது. 2 மணிக்கு அறைக்குத் திரும்பினால் லுஹர், சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். 6 மணிக்கு அஸர் தொழுதுவிட்டு மறுபடி வெளியே. மே மாதத்தில் வெளிச்சம் 9 மணி வரை இருக்கும். ஹனஃபி குடும்பம் என்றால் கிளம்புவதை 7 மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வி: சேர்த்துத் தொழலாமா? தமிழ்நாட்டில் ஷாஃபிகளும் இருக்கிறார்கள், ஹனஃபிகளும் இருக்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் பயணிக்கு லுஹர்-அஸர், மஃரிப்-இஷா ஆகியவற்றைச் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனஃபியில் ஹஜ்ஜின்போது தவிர அப்படி இல்லை. சுருக்கித் தொழும் கஸ்ர் இரண்டிலும் உண்டு. ஒரே ஊரில் எத்தனை நாள் தங்குகிறோம் என்பதைப் பொறுத்து சட்டம் மாறும். 11 மணி இஷாவுக்குப் பிள்ளைகளை எழுப்புவதா, வேண்டாமா என்று இரவில் ஓட்டல் அறையில் வாதாடுவதைவிட, கிளம்பும் முன் உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பள்ளிவாசல் இருக்கிறதா?

இருக்கிறது. அல்ஹம்ப்ராவுக்கு எதிர்மேட்டில் உள்ள பழைய முஸ்லிம் குடியிருப்பு அல்பைசின். அங்கே சான் நிக்கோலாஸ் தேவாலயத்தை ஒட்டி, 2003-இல் திறக்கப்பட்ட கிரனாடா பெரிய பள்ளிவாசல் உள்ளது. 1492-க்குப் பிறகு ஐந்து நூற்றாண்டு கழித்து இந்த ஊரில் புதிதாகக் கட்டப்பட்ட பள்ளிவாசல். தொழுகைக் கூடம் தொழ வருபவர்களுக்கு, தோட்டம் எல்லோருக்கும். தோட்டத்தில் நின்றால் நேரெதிரே அல்ஹம்ப்ரா. பாங்கு ஒலிபெருக்கி இல்லாமல், மினாராவிலிருந்து வாய்விட்டுச் சொல்லப்படுகிறது.

ஜும்ஆ நாளில் மதியத்தை இங்கே ஒதுக்குங்கள். மே மாதத்தில் லுஹரே 2.10-க்குத்தான் என்பதால், ஊரில் போல ஒரு மணிக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் அல்பைசின் முழுக்க செங்குத்தான கூழாங்கல் சந்துகள். மூட்டுவலி உள்ளவர்களை நடத்தியே கூட்டிப்போகாதீர்கள். நகர மையத்திலிருந்து சிவப்பு நிறச் சிறு பேருந்துகள் மேலே ஏறுகின்றன, சி31 அல்பைசினுக்கு, சி30 அல்ஹம்ப்ராவுக்கு.

ஒளுவை அறையிலேயே செய்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பொதுக் கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டில் பையில் இருக்கட்டும்.

அல்ஹம்ப்ராவுக்குள் தொழலாமா?

வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்பதற்கு நியாயமும் உண்டு. மெஷ்வார் மண்டபத்தை ஒட்டிய சிறு தொழுகை அறையில் மிஹ்ராப் அப்படியே இருக்கிறது. “இவ்வளவு தூரம் வந்துட்டு ரெண்டு ரக்அத் தொழாம போறதா?” என்று உம்மா கேட்டால் என்ன சொல்வது?

இன்று அது வழிபாட்டிடம் அல்ல, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். காவலர்கள் அனுமதிக்க மாட்டார்கள். அல்ஹம்ப்ராவின் ஜும்ஆ பள்ளி இருந்த இடத்தில் இப்போது தேவாலயம் நிற்கிறது.

கிரனாடாவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் வரும் கோர்தோபாவில் இன்னும் கண்டிப்பு. 8-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தப் பெரிய பள்ளிவாசல் 1236 முதல் கதீட்ரல். முஸ்லிம் தொழுகைக்கு அங்கே அனுமதியில்லை. 2010-இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் சுற்றுலாக் குழுவில் சிலர் அங்கே தொழ முயன்றபோது கைகலப்பாகி, இரண்டு பேர் கைதானார்கள். வெளிநாட்டு விசாவில், பிள்ளைகளோடு இருக்கும்போது அந்த நிலை வேண்டாம்.

இதை வீட்டிலேயே, கிளம்பும் முன்பே பேசிவிடுவதுதான் நல்லது. அங்கே போய்க் காவலர் விரலை அசைத்துத் தடுக்கும்போது முதன்முதலாகத் தெரிந்தால், பெரியவர்களின் மனம் நொந்துவிடும். முன்பே தெரிந்தால் மிஹ்ராப் முன்னால் நின்று மனதுக்குள் ஒரு துஆ கேட்டுவிட்டு, மாலையில் எதிர்மேட்டுப் பள்ளியில் ஜமாஅத்தோடு நிற்கலாம்.

வரலாற்றையும் பிள்ளைகளிடம் முழுசாகச் சொல்லுங்கள். சரணடைந்தபோது மதத்தைக் காப்போம் என்று ஒப்பந்தம் இருந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அது முறிந்தது. 1492 மார்ச் 31-இல் இதே கிரனாடாவில் கையெழுத்தான ஆணை யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியினர் 1609 முதல் 1614 வரை வெளியேற்றப்பட்டார்கள். இழந்தது ஒரு சமூகம் மட்டுமல்ல என்பது அப்போதுதான் புரியும்.

பிள்ளைகள் சலித்துப்போகாமல் இருக்க ஒரு விளையாட்டு: சுவர்களில் “வலா காலிப இல்லல்லாஹ்” (அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை) என்ற நஸ்ரிகளின் வாசகம் திரும்பத் திரும்ப வரும். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகள் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்துவிடும். யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். சிங்க முற்றத்தில் 12 சிங்கங்களையும் எண்ணச் சொல்லுங்கள்.

முழு வளாகத்தையும் பார்க்க மூன்று மணி நேரமாவது பிடிக்கும். குழந்தை வண்டியை நஸ்ரி அரண்மனைகளுக்குள் தள்ளிப்போக விடமாட்டார்கள், மார்பில் கட்டும் பை எடுத்துப்போங்கள். நுழைவு நேரம் காலை 9-லிருந்து 11-க்குள் கிடைத்தால் லுஹருக்கு முன் எல்லாம் முடிந்துவிடும்.

சாப்பாடு: எதில் கவனம்?

கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு சின்னத் தட்டில் ஏதாவது இலவசமாக வரும். தபாஸ் என்பது அதன் பெயர். அதில் பன்றி இறைச்சி இருக்க வாய்ப்பு அதிகம். ஜூஸ் சொல்லும்போதே “சின் தெர்தோ, சின் ஹமோன்” (பன்றி வேண்டாம், பன்றித்தொடை வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். இதை ஸ்பானிஷ் எழுத்தில் மொழிபெயர்த்து போனில் சேமித்து வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

சைவம் போலத் தெரிவதிலும் கவனம். சல்மோரெஹோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாறின் மேலே ஹமோன் தூவுவார்கள். பருப்புச் சூப்பில் சொரிசோ துண்டு கிடக்கும். மந்தெகாதோ, பொல்வொரோன் போன்ற மாவு இனிப்புகளில் பாரம்பரியமாகச் சேர்ப்பது பன்றிக் கொழுப்பு. அதன் பெயர் மந்தேகா. கறி, மீன் குழம்புகளில் வினோ, ஹெரெஸ் என்று எழுதியிருந்தால் ஒயின் சேர்த்தது.

தைரியமாகக் கேட்டுச் சாப்பிடக்கூடியவையும் இருக்கின்றன. உருளைக்கிழங்கு முட்டை அடை (தோர்தியா), கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், கஸ்பாச்சோ, வறுத்த நெத்திலி. வறுவல் என்றால் எண்ணெய் தனியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்பைசின் அடிவாரத்தில் கால்தெரெரியா நுயேவா என்ற சந்தில் மொராக்கோ தேநீர்க் கடைகளும் அரபு உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. அரபுப் பெயர் வைத்தாலே ஹலால் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மதுவும் விற்கும் கடைகள் உண்டு. “இறைச்சி ஹலாலா?” என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சிறந்த வழி, சமையலறை உள்ள வாடகைக் குடியிருப்பு. ஊரில் ஹலால் கறிக்கடைகள் இருக்கின்றன. மாலை 7 மணிக்கே பசிக்கிறது என்று அழும் குழந்தைக்கு, உணவகம் திறக்கும்வரை பதில் உங்கள் குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து என்ன எடுத்துப்போகலாம்? மசாலாப் பொடி, பருப்புப் பொடி பரவாயில்லை. இறைச்சி, பால் பொருட்களை வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. உப்புக்கண்டம், நெய், பால்கோவா எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். “ஒரு பாட்டில் நெய்தானே” என்று உம்மா வைத்துவிட்டால், சுங்கச் சோதனையில் அது குப்பைக்குத்தான் போகும்.

மூன்று நாள் இருந்தால்

முதல் நாள்: நகர மையம். 14-ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரமான கொரால் தெல் கார்போன், 1349-இல் தொடங்கிய மதரஸா, அதன் எதிரே இசபெல்லாவும் பெர்டினாண்டும் அடக்கமான அரச ஆலயம். எல்லாம் நடக்கும் தூரம். கதீட்ரல் பக்கம் கையில் ஒரு செடிக்கொத்தைத் திணித்துவிட்டுக் காசு கேட்கும் பெண்கள் வருவார்கள். கையை நீட்டாமல் நடந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: காலையில் அல்ஹம்ப்ரா, மதியம் முழு ஓய்வு. மாலையில் வேறு எதுவும் வைக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: 11-ஆம் நூற்றாண்டுக் குளியல் கூடமான பான்யுயேலோ, பிறகு அல்பைசின். மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்பே சான் நிக்கோலாஸ் மேட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே கூட்டம் நெருக்கும், பைகளைக் கவனியுங்கள்.

கிளம்பும் முன் ஒருமுறை

• அல்ஹம்ப்ரா டிக்கெட்டில் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா?
• அசல் பாஸ்போர்ட் அல்ஹம்ப்ரா போகும் நாளில் கையில் இருக்கிறதா?
• ஜம்உ, கஸ்ர் பற்றி ஆலிமிடம் கேட்டாயிற்றா?
• அரண்மனைக்குள் தொழ முடியாது என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லியாயிற்றா?
• “பன்றி வேண்டாம், மது வேண்டாம்” என்ற வரி ஸ்பானிஷில் போனில் இருக்கிறதா?
• பெட்டியில் நெய் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தால், மூன்றாம் நாள் மாலை சான் நிக்கோலாஸ் மேட்டில் யாருக்கும் அவசரம் இருக்காது. எதிரே அரண்மனைச் சுவர் சிவக்கும் நேரத்தில் பக்கத்து மினாராவிலிருந்து மஃரிப் பாங்கு கேட்கும். இந்த முறை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லிவிடும்.